குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பொம்மைக்குப் பருத்தி நூலா, அக்ரிலிக் நூலா?

சிங்கப்பூர் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் நூல்கடையில் பலரும் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான்.

விலை: அக்ரிலிக் மலிவு. பருத்தி கனமான இழை என்பதால், அதே எடையில் நீளமும் குறைவு.

பின்னல்: பருத்தியில் கண்ணிகள் பளிச்சென்று தெரியும், மேஜிக் ரிங்கில் (பின்னலைத் தொடங்கும் நூல் வளையம்) 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, பிறகு 18 என எண்ணுவது சுலபம். ஆனால் நூல் இழுபடாது, விரல் வலிக்கும். அக்ரிலிக் இழுத்த இழுப்புக்கு வரும். அதுவே வினை: பஞ்சை அழுத்தி அடைத்தால் கண்ணி விரிந்து வெள்ளையாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதைத் தவிர்க்க, லேபிளில் 4 மி.மீ. ஊசி என்றிருந்தால் 2.5 அல்லது 3 மி.மீ. ஊசியில் பின்னுங்கள்.

நீடித்து உழைப்பது: பிள்ளை பிடித்து இழுக்கும் காதிலும் கழுத்திலும் அக்ரிலிக் சீக்கிரம் உருண்டை கட்டும். பருத்தி அவ்வளவு கட்டாது. ஆனால் அடர்சிவப்புச் சாயம் வெள்ளை முகத்தில் இறங்கிவிட்டால் மொத்த உழைப்பும் வீண். ஈர வெள்ளைத்துணியில் நூலைத் தேய்த்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

துவைப்பு: சிங்கப்பூர் ஈரக்காற்றில் பருத்தி பொம்மை லேசில் உலராது, உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வாடை வரும். துண்டில் சுற்றிப் பிழிந்து மின்விசிறிக்கடியில் வையுங்கள். அக்ரிலிக் விரைவில் உலரும். இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது.

எதையும் வாயில் வைக்கும் கைக்குழந்தைக்குப் பருத்தி பொம்மை. 3 வயதுக்குள் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். கட்டிக்கொண்டு தூங்கும் பெரிய கரடிக்கு அக்ரிலிக். முதல்முறை பின்னுகிறவர்களுக்கு வெளிர்நிறப் பருத்தி.