பழைய மெயின்போர்டுக்கு இரண்டாவது வேலை: ஃபிரேம்வொர்க் லேப்டாப் 13

ஸ்க்ரூ கழற்றித் திறக்கிற லேப்டாப் பழைய சங்கதிதான். ஃபிரேம்வொர்க் 13-இல் புதுசு, பாகங்கள்மீது ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு. ஃபோனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாகத்தை மாற்றும் முறையும் புதிது வாங்கும் வழியும் திறக்கும். பார்ட் நம்பர் தேடி அலைய வேண்டாம்.

அடியில் 5 ஸ்க்ரூ. பெட்டியோடு வரும் டி5 ஸ்க்ரூடிரைவர் போதும். தளர்த்தினாலும் கீழே விழாமல் அங்கேயே நிற்கும். பிறகு திருப்பி வைத்து, கீபோர்டு மூடியை மெதுவாகத் தூக்குங்கள். காந்தப் பிடிதான், சட்டென்று வந்துவிடும். ஆனால் டச்பேட் ரிப்பன் கேபிள் இன்னும் போர்டில் மாட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் கேபிள் போச்சு. மற்ற எதையும் தொடுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வைஃபை ஆன்டெனா முனைகளைத் திரும்ப மாட்டும்போது நேர் மேலிருந்து அழுத்த வேண்டும், சாய்த்தால் நசுங்கும்.

லேப்டாப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ப்ராசசர் உள்ள மெயின்போர்டை மட்டும் புதிதாக மாற்றுவோர் செலவுக் கணக்குப் போடும்போது ரேமை மறந்துவிடுகிறார்கள். இன்டெல் 11, 12, 13ஆம் தலைமுறை போர்டுகளுக்கு டிடிஆர்4 வகை ரேம். ஏஎம்டி ரைசன் 7040 போர்டுக்கு டிடிஆர்5. இந்த இன்டெல் போர்டிலிருந்து ஏஎம்டிக்கு மாறினால், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி அப்படியே வரும், ரேம் வராது. இந்த லேப்டாப்பில் போர்ட்டுகள் கழற்றி மாட்டும் சிறு கார்டுகளாக, பக்கவாட்டு ஸ்லாட்டுகளில் செருகப்படும். ஏஎம்டி போர்டில் பின்பக்க ஸ்லாட் இரண்டும் வேகமான யூஎஸ்பி4. முன்பக்கத்தில் ஒன்று மானிட்டருக்கு உதவாது. எச்டிஎம்ஐ கார்டைக் கண்ட இடத்தில் செருக முடியாது.

கழற்றிய போர்டை என்ன செய்வது? இங்கேதான் நிறுவனம் நன்றாக யோசித்திருக்கிறது. போர்டின் அளவு வரைபடங்களையும், திரீடி பிரிண்டரில் அச்சிடும் கேஸ் கோப்புகளையும் கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். கேஸ், யூஎஸ்பி-சி சார்ஜர், மானிட்டர், கீபோர்டு இருந்தால் பேட்டரியே இல்லாமல் அது சின்ன கம்ப்யூட்டராக ஓடும். கழற்றுமுன் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) ‘ஸ்டாண்ட்அலோன் ஆபரேஷன்’ வசதியை ஆன் செய்துவிடுங்கள். கீபோர்டு மூடியும் பவர் பட்டனும் லேப்டாப்போடு போய்விடுமே!

செகண்ட் ஹேண்டில் இன்டெல் 11ஆம் தலைமுறை மாடல் வாங்குவோருக்கு: நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் போர்டிலுள்ள சின்ன கடிகார பேட்டரி முழுக்க இறங்கி, மெஷின் ஆன் ஆகாது. போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டாமல், முதலில் ஒரு நாள் முழுக்க சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.