நம் நிறத்துக்கும் நம் வெயிலுக்கும் எந்த ஐஷேடோ?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில் பார்மசிக்குள் நுழைந்தால், இமையில் பூசும் ஐஷேடோவுக்கு இருப்பது ஒரே ஒரு அலமாரி. அதில் பாதி பழுப்பு. மீதியும் பழுப்புதான். ஈப்போ வரை போனால் பிராண்டு கூடும், நிறம் கூடாது. மேபெலின், சில்கிகேர்ள், கேட்ரிஸ், எசென்ஸ் என்று பெயர் மாறினாலும் வரிசை ஒன்றுதான்: தோல் நிறம், பால் டீ நிறம், சாக்லேட், செம்பு, வெண்கலம். அதனால் பிராண்டை ஒதுக்கிவிட்டு, மினுக்கத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பளபளப்பே இல்லாத மேட், லேசாக ஒளிரும் சாட்டின், நன்றாக மின்னும் ஷிம்மர், உலோகம் பூசியதாகத் தெரியும் மெட்டாலிக், பொறி பொறியாகத் தெறிக்கும் கிளிட்டர். கூடவே கிரீம் குச்சி. நான் எடுத்ததெல்லாம் 15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 40 வெள்ளிக்குள்.

போட்டுப் பார்த்தது மூன்று பேர் முகத்தில். நான் கறுப்பு. தங்கச்சி மாநிறம். அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இமையில் சுருக்கம் விழுந்திருக்கிறது. ஒரே டப்பா மூன்று முகத்திலும் மூன்று விதமாக நடந்துகொண்டது.

அதற்குக் காரணம் டப்பாவின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பழுப்பு நிறம் வருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளிலிருந்து. பொருள் பட்டியலில் அவை நிற எண்களாக இருக்கும்: 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. இவற்றோடு வெள்ளையான டைட்டானியம் டை ஆக்சைடை, அதாவது 77891-ஐ, கூட்டியும் குறைத்தும்தான் அத்தனை நிறமும் செய்கிறார்கள். மினுக்கம் தருவது மைக்கா என்ற தாதுவின் மெல்லிய செதில்கள். செதில் சிறியதாக, ஏறக்குறைய 15 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் சாட்டின். பெரிதாகப் பெரிதாக ஷிம்மர், அதையும் தாண்டினால் தனித்தனிப் பொறி. மேட்டில் இந்தச் செதில்களின் ஒளிர்வு தெரியாது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிவிடும்.

முதலில் மேட். கறுப்பு நிறத்துக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். “தோல் நிறம்” என்று விற்கிற வெளிர் மேட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு தூக்கலாக இருக்கும். தங்கச்சியின் இமையில் அது இருக்கிற இடமே தெரியவில்லை, இமை சுத்தமாகத் தெரிந்தது. அந்த நிறத்தின் வேலையும் அதுதான். என் இமையில் விபூதி பூசியதுபோல் சாம்பல் பூத்துவிட்டது. சாம்பல் கலந்த பழுப்பும் எனக்கு ஆகவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த முகமாகிவிடுகிறது. சிவப்பு தூக்கலான மேட் பழுப்பு, செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில், நம் தோலைவிட ஒன்றிரண்டு படி அடர்த்தியாக இருந்தால் கதையே வேறு. இமை மடிப்பில் அதை வைத்து நன்றாகப் பரப்பினால் கண் உள்வாங்கி, பெரிதாகத் தெரிகிறது. போன் ஃபிளாஷிலும் அந்த ஆழம் குறையவில்லை. அலமாரியில் இந்த நிறம் எப்போதும் கடைசி வரிசையில், தூசி படிந்து கிடக்கும். வெளிர் நிறங்கள்தான் முன்னால்.

அம்மாவுக்கு மேட்தான் பொருத்தம். செதில்கள் மேடான இடத்தில் வெளிச்சத்தைப் பிடிப்பதால் ஷிம்மர் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக் காட்டும். மேட் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆனால் மேட்டுக்கு நம் வெயில் ஆகாது. மோட்டாரில் ஹெல்மெட் போட்டுப் பத்து நிமிடம் போனாலே இமையில் எண்ணெயும் வேர்வையும் சேரும். பவுடர் அதை உறிஞ்சி அங்கங்கே கறுத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். பிரைமர், அதாவது நிறம் பிடித்து நிற்க முதலில் தடவும் அடிப்பூச்சு, இல்லாமல் மேட் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் வெளியே போவது வீண் வேலை. அடியில் மெல்லிய கிரீமோ பிரைமரோ தடவி, அது காய்ந்த பிறகு பவுடர் வைத்தால் சாயங்காலம் வரை தாங்குகிறது.

சாட்டினுக்கு இந்த அவஸ்தை பாதிதான். நுண்ணிய செதில்கள் இருப்பதால் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகிறது, திட்டு விழுவதில்லை, கொஞ்சம் கலைந்தாலும் கலைந்ததாகத் தெரிவதில்லை. நடுப்பகல் வெயிலிலும் கத்தவில்லை, மண்டபத்து வெள்ளை விளக்கிலும் செத்துப்போகவில்லை. வேலை, கோயில், பள்ளிக்கூட மீட்டிங் எதற்கும் உறுத்தாது. எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக ஒத்துவந்தது இது ஒன்றுதான். அம்மாவுக்குக்கூட, இமையின் நடுவில் மட்டும். குறை என்றால் அடர்த்தி. ஒரே தடவையில் நிறம் ஏறாது, இரண்டு மூன்று முறை அடுக்க வேண்டும். இன்னொரு தொல்லை, பல டப்பாக்களில் சாட்டின் என்று எழுதியே இருக்காது. கடையில் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரை விரலால் தொட்டுப் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். வெயிலில் கையைத் திருப்பும்போது ஒளி சீராக நகர்ந்தால் சாட்டின், புள்ளி புள்ளியாக மின்னினால் ஷிம்மர். டெஸ்டரை நேராகக் கண்ணில் வைக்காதீர்கள். எத்தனை பேர் விரல் பட்டதோ.

ஷிம்மரில் எல்லாரும் முதலில் எடுப்பது ஷாம்பெயின் நிறம். அட்டைப் படத்தில் அழகாக இருக்கும். தங்கச்சிக்கு நன்றாகவே இருந்தது. எனக்குப் பனி படிந்தமாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு 916 தங்கம் (22 காரட்) போட்டுக்கொண்டு நின்றால் கண் ஒரு பக்கம் வெள்ளியாக, கழுத்து ஒரு பக்கம் மஞ்சளாக, இரண்டும் ஒட்டவில்லை. வெண்கலம், செம்பு, பழைய தங்கம் என்று போனால் நகையோடு சேர்ந்துகொள்கிறது. கல்யாணத்துக்கு ஷிம்மர் பவுடர் போதும், ஆனால் இமை முழுக்க வேண்டாம். நடு இமையில் ஒரு ஒற்று, அவ்வளவுதான். பெரிய சரிகைக் கரை போட்ட பட்டு கட்டினால் அதுவும் வேண்டாம் என்பேன். சரிகையும் மூக்குத்தியும் கண்ணும் ஒரே நேரத்தில் மின்னினால் எதைப் பார்ப்பது?

மெட்டாலிக்கில் நிறம் உடனே கிடைக்கிறது, பிரஷை மறந்துவிட்டால். உலர்ந்த பிரஷில் எடுத்தால் பாதி கன்னத்தில்தான் கொட்டும். விரலால் அழுத்தி வைக்க வேண்டும், அல்லது பிரஷில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். செதில்களைப் பிடித்துவைக்க டைமெத்திகோன் மாதிரி சிலிக்கோன் சேர்ப்பதால் தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதே வழுக்கல்தான் புழுக்கத்தில் அதை மடிப்புக்குள் இழுத்துக்கொண்டு போய் ஒரு கோடாகச் சேர்த்துவிடுகிறது. எனக்குச் செம்பு மெட்டாலிக் ரொம்பப் பிடித்தது. அரக்கு நிற சேலைக்கு அதைவிட வேறு எதுவும் எடுபடவில்லை. ஏர்கோன் மண்டபத்தில் போடலாம். தேர் பின்னால் நடக்கிற நாளில் வேண்டாம்.

கிளிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் பிளாஸ்டிக் துண்டுகள். கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறலாம், காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கிட்டவே போகக் கூடாது. கைவினைக்கு விற்கிற கிளிட்டரைக் கண்ணில் வைக்கவே கூடாது. பாசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், பெயர் தெரியாத பேலட் (பல நிறம் அடங்கிய டப்பா) ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கும். வாங்கும் முன் அதற்கு NOT என்று தொடங்கி K-யில் முடியும் எண் இருக்கிறதா பாருங்கள். அது என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அறிவிப்பு எண். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்கு அது இருந்தாக வேண்டும்.

பவுடரா கிரீம் குச்சியா என்று கேட்டால், காலையில் ஏழு மணிக்குள் கிளம்புகிறவர்களுக்குக் குச்சிதான். நீண்ட நேரம் தாங்கும் வகைகளில் எளிதில் ஆவியாகும் திரவம் பறந்துபோய், மிச்சம் ஒரு படலமாக இமையில் ஒட்டிக்கொள்ளும். வேர்வைக்கு அசையாது. ஆனால் காய்வதற்குள் பரப்பிவிட வேண்டும். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு அடுத்த கண்ணுக்குப் போங்கள். இரண்டிலும் கோடு போட்டுவிட்டுப் பரப்பப் பார்த்தால் முதல் கண் இறுகியிருக்கும். வெண்கலக் குச்சியை அடியில் வைத்து, மேலே அதே நிற மெட்டாலிக்கை ஒற்றினால் மெட்டாலிக்கின் கோடு விழும் குறையும் நன்றாகக் குறைகிறது.

ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால் நடுத்தர சாட்டின் பழுப்பு. இரண்டென்றால் கூடவே செங்கல் நிற மேட். மூன்றாவதாக வெண்கலக் குச்சி. பன்னிரண்டு நிற பேலட் பக்கம் நான் போகமாட்டேன். அதில் மூன்று நிறம் குழி விழும், மற்றவை தொடாமலே பழசாகும். மூடி திறந்த டப்பா படத்துக்குள் 12 அல்லது 24 என்று போட்டிருப்பது, திறந்தபின் எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் குளியலறையில் வைக்காமல் இருப்பது நல்லது.

கழற்றுவதில்தான் பவுடர் ஜெயிக்கிறது. பவுடர் சாதாரண முகக் கழுவலிலேயே போய்விடும். கிரீம் குச்சிக்கு எண்ணெய் வேண்டும். பஞ்சில் தேங்காய் எண்ணெய் நனைத்து மூடிய இமைமேல் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்தால் தேய்க்காமலே வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் மறுநாள் எதைப் போட்டாலும் நிற்காது.