திரெட்டை வெட்டுவதா, நிற்கச் சொல்வதா?

ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டை (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலையை) பாதியில் நிறுத்த இரண்டு வழிகள். மைக்ரோசாஃப்டின் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் அபார்ட் (Abort) மெத்தட், திரெட் ஏறக்குறைய எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே திரெட்அபார்ட்எக்ஸெப்ஷன் என்ற எக்ஸெப்ஷனை (ஓட்டத்தை இடைமறிக்கும் பிழை அறிவிப்பை) எறியும். கேட்ச் (எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் பகுதி) போட்டுப் பிடித்தாலும், அபார்ட்டை ரத்துசெய்யும் ரீசெட்அபார்ட்டை அழைக்காவிட்டால் அந்த கேட்ச் முடிந்ததும் மறுபடி கிளம்பும். எப்படி முடிந்தாலும் ஓட வேண்டிய ஃபைனலி பகுதி ஓடும், சரி. ஆனால் ஒரு கணக்கில் பணத்தைக் கழித்துவிட்டு, மற்றதில் சேர்ப்பதற்குள் வெட்டு விழுந்தால்? வேலை எந்த இடத்தில் நின்றது என்றே கேட்ச்சுக்குத் தெரியாது. எனக்கு இது ஒன்றே போதும், அபார்ட்டைத் தொடமாட்டேன்.

2010இல் டாட்நெட் 4உடன் வந்த கேன்சலேஷன்டோக்கன் (CancellationToken) நிற்கச் சொல்லிக் கோரிக்கை மட்டும் வைக்கும். இரண்டு கணக்கும் சரியான பிறகு நாமே டோக்கனைப் பார்த்து நிற்கலாம். அப்போது வரும் ஆபரேஷன்கேன்சல்டுஎக்ஸெப்ஷனைத் தனியாகப் பிடித்துவிட்டால், ரத்தானது பிழையாக லாகில் (புரோகிராமின் பதிவுக் குறிப்பில்) ஏறாது. டோக்கனைப் பார்க்காத லைப்ரரி சிக்கிக்கொண்டால் மட்டும் இது உதவாது. அதை, மொத்தமாக நிறுத்திவிடக்கூடிய தனி பிராசஸில்தான் ஓட்ட வேண்டும்.

ஃபிரேம்வொர்க்குக்குப் பின் வந்த டாட்நெட் கோர் முதல் அபார்ட் வேலையும் செய்யாது, அழைத்தாலே எக்ஸெப்ஷன்தான்.