டேங்க் நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும்: வைஃபையா, ஜிக்பீயா, த்ரெட்டா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு 15 அடி அகலம், 60 அடி நீளம். கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே சம்ப், மொட்டை மாடியில் டேங்க். டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், அதற்காகத்தான் இந்த ஸ்மார்ட் ஹோம் வேலையையே ஆரம்பித்தேன். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு, டேங்க் வழிந்து தெருவில் ஓடுவதைப் பார்க்க மனசு வராது.

முதலில் வாங்கியது வைஃபை சாமான்கள்தான். விலை குறைவு, ஹப் (எல்லாச் சாமான்களையும் கட்டி ஆளும் நடுப்பெட்டி) தேவையில்லை, எல்லாக் கடையிலும் கிடைக்கும். நான்கைந்து பல்பு, ஒரு ப்ளக் என்றால் இன்றைக்கும் வைஃபையே போதும் என்பேன். ஆனால் எங்கள் தெருவில் போனை எடுத்து ஸ்கேன் செய்தால் 30க்கு மேல் வைஃபை பெயர்கள் வரும். இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். அங்கே ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இன்னொன்று, பல பெட்டிகள் கைகோத்து வலையாக நிற்கும் மெஷ் வைஃபை வாங்கினாலும் ரவுட்டர் பெட்டிகள்தான் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். பல்பும் ப்ளக்கும் தகவலைக் கடத்தாது. பேட்டரி சென்சாருக்கும் வைஃபை ஒத்துவராது, பேட்டரியைக் குடித்துவிடும்.

அப்புறம்தான் ஜிக்பீக்கு மாறினேன். ஸ்மார்ட் சாமான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, பேட்டரியை அதிகம் தின்னாத ஒரு ரேடியோ முறை. இதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் கரண்டில் ஓடும் ஒவ்வொரு ப்ளக்கும் பல்பும் அடுத்ததற்குத் தகவலைக் கைமாற்றும். மொட்டை மாடி சென்சார் இரண்டாம் மாடிப் படிக்கட்டு ப்ளக்கிடம் சொல்ல, அது முதல் மாடிக்குச் சொல்ல, கீழே மோட்டார் நிற்கும். நடுவில் மூன்று கான்கிரீட் தளம். ஒரே தாவலில் இந்த 2.4 அலை அதை நம்பகமாகக் கடக்காது.

சேனலை முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள் (இந்த எண்கள் வேறு, வைஃபை சேனல் எண்கள் வேறு). வைஃபையை 1இல் அல்லது 6இல் நிறுத்தி, 2.4இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து, வைஃபையிலிருந்து விலகி மேலே இருக்கும் 25ஐ ஜிக்பீக்குக் கொடுத்தேன். 26ஐத் தொடவில்லை, சில சாமான்கள் அதில் சரியாகச் சேராது. பிறகு மாற்றினால் சிலவற்றை மறுபடி இணைக்க வேண்டிவரும். கம்ப்யூட்டரையே ஹப்பாக்கும் ஜிக்பீ ஸ்டிக் வைத்திருந்தால், அதைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. அந்தப் போர்ட் கிளப்பும் இரைச்சல் 2.4ஐக் கெடுக்கும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். இரும்பு பீரோ மேல் மட்டும் வேண்டாம், இரும்பு அலையை மறைக்கும்.

இவ்வளவு செய்தும் வாரம் இரண்டு முறை சென்சார் காணாமல் போனது. நான் ஹப்பையே சந்தேகப்பட்டேன். காரணம் கரண்ட் கட். படிக்கட்டு ப்ளக் நேரடி ஈ.பி. லைனில் இருந்தது. கரண்ட் போனதும் அது செத்துவிடும், சென்சார் அநாதையாகிவிடும். கரண்ட் வந்த பிறகும் தூங்கி எழுந்து திரும்ப ஒட்டிக்கொள்ள அதற்குச் சில சமயம் மணிக்கணக்காகும். அதற்குள் யாராவது மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். ஹப், மோடம், கடத்திக் கொடுக்கும் ப்ளக்குகள் எல்லாவற்றையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். ஒரு ப்ளக் தனக்கென்று தின்பது ஏறத்தாழ ஒரு வாட்தான். அன்றிலிருந்து சென்சார் தொலையவில்லை.

பல்பை நம்பி மெஷ் கட்டாதீர்கள். அம்மா சுவிட்சை அணைத்தால் பல்போடு பாதையும் அணைந்துவிடும். சுவிட்சுக்குப் பின்னால், பாக்ஸுக்குள் ஜிக்பீ மாட்யூல் வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல நியூட்ரலே இல்லப்பா, ஃபேஸ் மட்டும்தான் இறங்கியிருக்கு" என்றார். பழைய வயரிங்கில் பல வீடுகளில் இதே கதைதான். நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாட்யூல்கள் பெரும்பாலும் தகவலைக் கடத்தாது. அதனால்தான் எங்கள் வீட்டில் ப்ளக்குகள்.

இதே வேலைக்கு இசட்-வேவ் என்று இன்னொரு முறையும் உண்டு, நல்ல ரேடியோ. இந்தியாவில் அதன் அலைவரிசை 865.2 மெகாஹெர்ட்ஸ், வைஃபை நெரிசலே கிடையாது, சுவரையும் நன்றாகத் தாண்டும். ஆனால் இங்கே சாமான் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அமெரிக்காவில் இருந்து மாமா வாங்கி வந்தால் அது 908இல் பேசும், நம் ஹப்போடு சேராது. ஆசைப்பட்டு வாங்க வேண்டாம்.

த்ரெட்தான் ஜிக்பீக்கு உண்மையான போட்டி. ரேடியோ இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ஜிக்பீயில் ஹப் ஒன்றுதான், அது படுத்தால் ஆட்டோமேஷன் எல்லாம் படுத்துவிடும். த்ரெட்டில் பார்டர் ரவுட்டர் (த்ரெட் வலையை வீட்டு வைஃபையோடு இணைக்கும் பெட்டி) இரண்டு வைத்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஆப்பிளின் ஹோம்பாட் மினி, கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் போன்றவை அந்த வேலையைச் செய்யும். சிக்கல் என்னவென்றால், வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் ஒரே வீட்டில் தனித்தனி த்ரெட் வலையாகப் பிரிந்து நிற்பதுண்டு. 2024இல் வந்த த்ரெட் 1.4 அதைச் சரிசெய்யத்தான் வந்தது. புதிதாக வீடு கட்டுபவர், எல்லா சுவிட்ச் பாக்ஸிலும் நியூட்ரல் இழுத்து, ஒரே கம்பெனியின் பார்டர் ரவுட்டர் இரண்டை இன்வெர்ட்டரில் வைத்தால் நான் த்ரெட்டையே சொல்வேன். எங்களைப் போன்ற பழைய வீட்டுக்கு இன்றைய தேதியில் ஜிக்பீதான்.

மோட்டாருக்கு மட்டும் எந்த ரேடியோவையும் முழுதாக நம்பாதீர்கள். 25 நிமிடம் ஆனால் சென்சார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நிற்கும்படி வைத்திருக்கிறேன். கரண்ட் திரும்பி வந்தால் மோட்டாரின் ப்ளக் அணைந்த நிலையிலேயே இருக்கும்படியும் அமைத்திருக்கிறேன். மோட்டார் சுமையை ப்ளக்கின் தலையில் ஏற்றாமல் நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) உண்டு.

கடைசியாக ஒரு தடவை சென்சார் பேசாமல் போனபோது பாதையில் குறை இல்லை. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு டேங்க் ஓரம் கட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.