மூக்கைக் காப்பாற்றியது, காபியைக் கெடுத்தது: ஒரு ஸ்ப்ரேயோடு சில கோடைகள்

லெஸ்டருக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவன் நேற்று கேட்டான்: "அண்ணா, கண்ணைப் பிடுங்கி எறியலாம் போல அரிக்கிறது, நீங்கள் என்னதான் எடுக்கிறீர்கள்?" இரண்டு வரியில் பதில் அனுப்பப் பார்த்தேன், முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஹே ஃபீவர், அதாவது மகரந்த அலர்ஜி, என்றால் பெரும்பாலும் புல் மகரந்தம்தான். மே நடுவில் ஆரம்பித்து ஜூலை வரை வாட்டும். அதற்கு முன்னால் ஏப்ரலில் பிர்ச் மரம் வேறு. எனக்கு வந்த புதிதில் ஒன்றுமே இல்லை, ஊர்த் தூசியைப் பார்த்த மூக்கு என்று தெம்பாகத்தான் திரிந்தேன். சில கோடை கழித்துத்தான் பிடித்தது. ஊரே பூங்காவில் வெயில் காயும்போது நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அடுக்குத் தும்மலும் அண்ணத்தில் அரிப்புமாக உட்கார்ந்திருப்பேன். நாக்கால் அண்ணத்தைத் தேய்த்து எழுப்பும் அந்தச் சத்தம் இருக்கிறதே, ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்தால் மானம் போய்விடும்.

மாத்திரைகளைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். செட்டிரிசின், லோரட்டடின் எல்லாம் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். தும்மலை அடக்கும், மூக்கடைப்பிடம் மட்டும் அவற்றின் பருப்பு வேகாது. ஃபெக்ஸோஃபெனடின் 120 மில்லிகிராமை 2020 டிசம்பரிலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் மேல். ஆனால் பழச்சாறோடு போடாதே, உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீர்தான்.

கடைசியில் ஜி.பி., அதாவது இங்கே நமக்கென்று இருக்கும் குடும்ப டாக்டர், எழுதிக் கொடுத்தது அசெலாஸ்டினும் ஃப்ளூட்டிகசோனும் சேர்ந்த மூக்கு ஸ்ப்ரே. முதலாவது அரிப்பையும் தும்மலையும் சட்டென்று பிடிக்கும், இரண்டாவது ஸ்டீராய்டு, நாள்போக்கில் வீக்கத்தை வடிக்கும். காலை ஒன்று மாலை ஒன்று, இரண்டு துவாரத்திலும். 120 தடவை அடிக்கக்கூடிய பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். சீட்டுக் கட்டணம் 9.90 பவுண்டு. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இதைப் போல எதுவும் எனக்கு வேலை செய்ததில்லை. ஜூன் மாதத்தில் மூக்கால் மூச்சு விட்டுத் தூங்குகிறேன், வெட்டிய புல் பக்கமாக நடந்து போகிறேன். இதற்குக் கோவில் கட்டலாம்.

ஆனால் அந்தக் கசப்பு! வேப்பங்கொழுந்தாவது மென்ற கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். இது மூக்கு வழியாக மெல்ல இறங்கித் தொண்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அடுத்து வாயில் போடும் எல்லாவற்றிலும் கை வைக்கும். ஊரிலிருந்து பொடி வரவழைத்து, டிகாஷன் இறக்கி, ஆசையாக முதல் வாய் குடித்தால் அசெலாஸ்டின் காபி. முறை தெரியாமல் அடிக்கிறாய் என்பார்கள். தெரியும் ஐயா. நன்றாகக் குலுக்கி, தலையை லேசாக முன்னால் குனிந்து, வலது கையால் இடது துவாரம், இடது கையால் வலது துவாரம், முனை நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், பலமாக உறிஞ்சவே கூடாது. அப்படிச் செய்தால் குறைகிறது, போவதில்லை. காபி குடித்த பிறகு அடித்துப் பார்த்தேன், இட்லி போயிற்று. வெறும் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே சிலவற்றில் இந்தக் கசப்பு இல்லை, பன்னீர் ரோஜா வாசனை கூட வரும், ஆனால் என் மூக்கு அதற்கு மசியவில்லை.

சரி, இந்த ஸ்ப்ரேக்கு ஐந்துக்கு எத்தனை மார்க்? போன வாரம் கேட்டிருந்தால் நாலரை. இன்று காலை டம்ளரைச் சிங்க்கில் கொட்டிவிட்டு வந்து எழுதுகிறேன், இரண்டு.

தம்பி, இந்தக் கோடைக்கு உனக்கு இதுதான் கதி என்றால் வாங்கிக்கொள், முதலில் ஜி.பி.யிடம் காட்டு, வீசிங் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். ஆனால் என்னைப் போல வருஷக்கணக்காக இதிலேயே உட்கார்ந்துவிடாதே. உடம்பை மகரந்தத்துக்கே மெல்லப் பழக்கும், நாக்குக்கு அடியில் வைக்கும் புல் மகரந்த மாத்திரை ஒன்று இருக்கிறது. முதல் மாத்திரையை மருத்துவர் முன்னிலையில் போட்டு அரைமணி நேரம் உட்கார வேண்டும், அப்புறம் தினமும், மூன்று வருஷம். சீசனுக்கு நாலு மாதம் முன்பாவது ஆரம்பிக்க வேண்டும் என்பதால் மே மாதத்தில் போய்க் கேட்டுப் பயனில்லை. அலர்ஜி கிளினிக் வரிசையும் நீளம். நான் இந்தத் தடவை ஆகஸ்டிலேயே பெயர் கொடுக்கப் போகிறேன், நீயும் கொடு.