டை கிளாஷ் சேர்க்க லார்ஜ் சென்ட்டா, ஹாஃப் சென்ட்டா?

ரெண்டுமே அமெரிக்காவோட பிலடெல்பியா மின்ட்ல (நாணயச்சாலைல) 1793ல ஆரம்பிச்சு 1857ல நின்னுபோன செம்புக் காசுதான். ஆரம்ப காலத்துல கையால சுத்துற திருகு பிரஸ், நடுவுல காசுத் தகடு வைக்காம ஒரு தடவ அடிச்சுட்டா மேல் அச்சும் கீழ் அச்சும் நேரா மோதிக்கும், அப்புறம் அதுல அடிக்கிற ஒவ்வொரு காசுலயும் அந்தத் தழும்பு வரும், இதத்தான் டை கிளாஷ்னு சொல்றது.

என் ஓட்டு லார்ஜ் சென்ட்டுக்குத்தான். காசு பெருசு, காசுல இருக்குற லிபர்ட்டிங்கற பொண்ணு முகத்துக்கு முன்னாடி காலி இடம் ஜாஸ்தி, லென்ஸ வச்சு சாய்ச்சுப் பாத்தா தாடைக்குக் கீழ பின்பக்க மாலையோட இலை குழிஞ்சு தெரியும், எழுத்து பதிஞ்சிருந்தா கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பி இருக்கும், முதல்ல பாக்குறவங்க கீறல்னு நினைச்சுத் தள்ளிடுவாங்க! 1814 வரைக்கும் வந்த லார்ஜ் சென்ட்டுக்கு ஷெல்டன் நம்பர் (ஒவ்வொரு அச்சு ஜோடிக்கும் கொடுத்த பட்டியல் எண்) இருக்கு, அதனால எந்த அச்சு ஜோடின்னு கண்டுபிடிக்கலாம்.

ஹாஃப் சென்ட் சின்னது, தழும்பு நெருக்கியடிச்சுக் கிடக்கும். அடிச்சதும் கம்மி, மொத்தமே 80 லட்சம் கிட்டத்தான், லார்ஜ் சென்ட் 15 கோடிக்கு மேல. கோஹன் நம்பர் (ஹாஃப் சென்ட்டுக்கான அதே மாதிரி பட்டியல் எண்) வச்சு முழு செட் முடிக்கணும்னு வெறி இருந்தா இதுக்குப் போங்க.

எதுவானாலும் புளி போட்டு மட்டும் தேய்ச்சுடாதீங்க சாமி.