தென்னை நார்க்கழிவில் நாலு வருஷம் மரக்கன்று வளர்த்த பிறகு

புதிதாக நாற்றங்கால் போடும் நண்பர் ஒருவர் போன வாரம் கூப்பிட்டு, "அண்ணே, செம்மண் கலவையா, நார்க்கழிவா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். அப்படி ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் நான் நாலு வருஷமாகப் பூவாளியும் கையுமாகத் திட்டிக்கொண்டு திரிய மாட்டேன்.

மகோகனி, வேங்கை இரண்டையும் 150 சி.சி. ரூட் ட்ரெய்னரில் (வேர் நேராக இறங்க உள்ளே வரிகள் வைத்த பிளாஸ்டிக் குழித்தட்டு) நார்க்கழிவோடு மண்புழு உரம் கலந்து போடுகிறேன். மூன்று மாதக் கன்றைத் தட்டி எடுத்தால் வேர் வெள்ளை வெளேரென்று நேராக இறங்கியிருக்கும், வேர்க்கட்டியும் உடையாது. முன்பு 5க்கு 8 அங்குல பிளாஸ்டிக் பையில் செம்மண், மணல், தொழுவுரம் 2:1:1 போட்டு வளர்த்தபோது அடியில் வேர் கயிறு மாதிரி சுருண்டு கிடக்கும். (இதில் பாதிப் பெருமை ட்ரெய்னரின் உள்வரிகளுக்கும் அடி ஓட்டைக்கும்தான் சேரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.) எடையோ கேட்கவே வேண்டாம். மண் பை ஒன்றே ஒரு கிலோவுக்குக் குறையாது, இங்கே ஒரு தட்டுக் கன்றை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைக்கலாம்.

நார்க்கழிவில் இருக்கும் உப்பின் தொல்லை முதல் வருஷத்தோடு போயிற்று. "கழுவின கட்டிதான்" என்று, அழுத்திக் கட்டியாக்கிய நார்க்கழிவை விற்றவர் சொன்னதை நம்பி அப்படியே போட்டு இலை ஓரமெல்லாம் கருகியது. இப்போது நானே மூன்று தண்ணீர் அலசி, உப்பு அளக்கும் இ.சி. மீட்டரில் 0.5க்குக் கீழே வந்த பிறகுதான் நிரப்புகிறேன்.

ஆனால் நார்க்கழிவு காய்ந்துபோகும் குணம் இருக்கிறதே, அதுதான் இன்றுவரை தீரவில்லை. இந்தச் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய் வந்தேன். தட்டுகள் மேலே கருகருவென்று ஈரமாகத்தான் இருந்தன, கன்றுகள் மட்டும் தலை தொங்கிக் கிடந்தன. ஒன்றை உருவிப் பார்த்தால் இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே வெறும் தூசி, வாயால் ஊதினால் பறக்கிறது. முதல் நாள் தண்ணீர் விட மறந்த பையன் மறுநாள் நன்றாகவே விட்டிருக்கிறான், அவ்வளவும் சுருங்கிய வேர்க்கட்டிக்கும் குழிச் சுவருக்கும் நடுவே ஓடி அடி ஓட்டை வழியாகப் போயிருக்கிறது. பாவம், அவனைத்தான் முதலில் திட்டினேன். செம்மண் வெடித்துக் கிடந்தாலும் தண்ணீரைக் கண்டால் குடிக்கும். நார்க்கழிவு ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு தட்டாகத் தொட்டியில் முக்கி, குமிழி அடங்கும்வரை பிடித்திருக்க வேண்டியதுதான். நாற்பது தட்டு, இடுப்பு போயிற்று.

நட்ட பிறகும் இதே கதைதான். வேர்க்கட்டியின் தலை வெளியே தெரிந்தால் அதன் வழியாகவே ஈரமெல்லாம் காற்றில் போய்விடும், மேலே ஒரு அங்குலம் மண் மூடச் சொல்லித்தான் கன்று கொடுக்கிறேன், யார் மூடுகிறார்கள்?

அதனால் நண்பரிடம், "பேசாம செம்மண்ணே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமை 20 கட்டி வந்து இறங்குகிறது, முக்கி எடுக்கப் பெரிய தொட்டியாக ஒன்றும் வாங்கியாயிற்று.